அமலி உடைத்து வைத்த படம்

அமலி இறந்த செய்தி காலை எட்டேகாலுக்கே என் போனுக்கு வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது ஒன்பதரைக்கு. நடுவில் ஒன்றேகால் மணி நேரம் அது ஒரு சாம்பல் நிறக் கட்டமாக என் போனில் கிடந்தது. யார் படம் அனுப்பினாலும் என் போன் அதைத் தானாக இறக்கிக்கொள்ளாது. சின்னதாக்கி முன்கூட்டியே காட்டவும் செய்யாது. ஒரு படம் வந்திருக்கிறது, அளவு இவ்வளவு என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும். நானாகத் தொட்டால்தான் திறக்கும். அப்படி மாற்றி வைத்தவள் அமலி. நான் புதுப் போன் வாங்கும்போதெல்லாம் கையிலிருந்து பிடுங்கி முதல் வேலையாக அதைத்தான் செய்து கொடுப்பாள். அவள் செய்து கொடுத்ததால்தான் அவள் போன செய்தி ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எனக்குத் தெரிந்தது.

அன்று நான் தொப்பம்பட்டியில் மாமனார் வீட்டில் இருந்தேன். கொழுந்தனார் மகளுக்குச் சாயங்காலம் பூப்புச் சீர். அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அமலியின் தம்பி அருள் கூப்பிட்டான். “அக்கா, படம் அனுப்பிச்சேனே, பாக்கலையா?” என்றான். என்ன படம் என்று கேட்டேன்.

“எங்கக்கா போயிருச்சுக்கா.”

விடிந்ததும் தண்ணீர் பிடிக்கப் போனவள் குழாயடியிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது. எனக்கும் அதே வயதுதான்.

போனை வைத்த பிறகுதான் அந்தச் சாம்பல் கட்டத்தைத் தொட்டேன். மெழுகுவர்த்தி, ரோஜாப்பூ, ‘அமலோற்பவ மேரி’ என்று முழுப் பெயர், மாலை ஐந்து மணிக்கு அடக்கம் என்று ஒரு வரி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிலுவை போட்டிருந்தார்கள். மறுபடி கூப்பிட்டேன். நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை, அடையாள அட்டையில் இருப்பதை அம்மா வேண்டாம் என்று அழுகிறார் என்றான் அருள். தெருமுனையில் பேனர் வைக்க வேண்டும், எல்லோரும் கேட்கிறார்கள் என்றான். “ஒங்ககிட்ட இருக்கும்லக்கா? சிரிச்ச மாதிரி ஒண்ணு இருந்துச்சுன்னு அம்மா சொல்லுது.”

இருந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவளுடைய முப்பதாம் நாள் பூசைக்கு வருகிற உங்களில் பாதிப்பேருக்கு அவள் ‘கம்ப்யூட்டர் பாக்குற புள்ள’. மீதிப்பேருக்கு பேனர் கடை அமலி. அந்தக் கடையின் மாடி அறையில் நாங்கள் இரண்டு பேரும் என்னதான் செய்துகொண்டிருந்தோம் என்று நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அவள் உயிரோடு இருந்தால் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பாள். எனக்கு அவளைப் போல வாயை மூடிக்கொண்டிருக்க வராது.

நாகல் நகரில் ராஜாமணி அண்ணனின் பேனர் கடையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கன்னிவாடியிலிருந்து பஸ்ஸில் வருவேன், அவள் இரண்டு தெரு தள்ளி இருந்து நடந்து வருவாள். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் முகங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தோம். ஒரு மணி ஆனால் என் பக்கம் திரும்பி “சாப்டியா?” என்பாள். நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிற வரை அடுத்த பேச்சு கிடையாது. முதல் வாரத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஒரு மணி என்றாலே அவள் குரல்தான் என்றாகிவிட்டது.

ஒரு நாள் கன்னிவாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய அப்பா முந்தைய நாள் இறந்திருந்தார். அவருடைய ஒரே படத்தை அவள் போனிலிருந்து எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். அந்தப் படம் இருக்கிற போல்டரைத் திறந்ததும் திரை உறைந்து, கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. மறுபடி திறந்தோம், மறுபடி விழுந்தது. படத்தை யாரும் தொடக்கூட இல்லை. போல்டரைத் திறந்தாலே போதும். வைரஸ் என்றார் ராஜாமணி அண்ணன், அழித்துவிட்டு வேறு படம் கேள் என்றார். அந்தப் பெண் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வேறு படம் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அமலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எந்தப் படத்தையும் கம்ப்யூட்டர் எண்களாகத்தான் வைத்திருக்கிறது. அந்த எண்களை அப்படியே வரிசையாகக் காட்டுகிற ஒரு மென்பொருளில் அந்த முதியவரின் முகத்தைத் திறந்தாள். இரண்டு மணி நேரம் நிமிரவில்லை. படத்தின் தொடக்கத்தில் அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சில விவரங்கள் இருக்கும். அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, உள்ளே இருப்பது இவ்வளவு என்று. ஏதோ ஒரு போன் செயலியில் அந்தப் படத்தை வெட்டிச் சரிசெய்தபோது அதில் ஒரு எண் தப்பாகப் பதிவாகியிருந்தது. போல்டரைத் திறந்ததும், யாரும் கேட்காமலே சின்னப் படமாக்கிக் காட்டுவதற்காகக் கம்ப்யூட்டர் உள்ளே புகுந்து படிக்கிறது. அந்த எண்ணை அப்படியே நம்பிவிடுகிறது. நம்பி, விழுகிறது. அமலி அந்த ஒரு எண்ணைத் திருத்தினாள். படம் வந்தது. அந்தப் பெண் எழுந்து வந்து திரைக்குப் பக்கத்தில் நின்றாள். “அப்பா துண்ட இப்பிடித்தான் போடும்,” என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அத்தோடு வேலை முடிந்தது. அவளுக்கு அப்போதுதான் தொடங்கியது. தற்செயலாகத் தப்பான எண்ணுக்கே இப்படி விழுகிறது என்றால், ஒருவன் வேண்டுமென்றே எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒதுக்கிய இடத்துக்கு மேல் வழிந்து போகிற எண்களில் அவன் தன் கட்டளைகளை ஒளித்து வைத்தால், படம் வந்த நொடியில் கம்ப்யூட்டர் அவன் சொன்னபடி ஆடும். படத்துக்குச் சொந்தக்காரர் எதையும் திறக்கவே வேண்டாம். அவள் அதை எழுதி, அந்தக் கம்ப்யூட்டரின் இயங்குதளத்தைச் செய்கிறவர்களுக்கு அனுப்பினாள். சில வாரம் கழித்து, சரிசெய்துவிட்டோம், நன்றி என்று பதில் வந்தது. ராஜாமணி அண்ணன் அதைப் பிரிண்ட் எடுத்துக் கடையில் மாட்டினார். அப்புறம் மாடி அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். படங்களை இயங்குதளங்கள் படிக்கிற விதத்தில் எங்கெங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதே எங்கள் வேலையாகிப் போனது.

“படத்தப் பாக்காதடி, எண்ணு,” என்பாள். படம் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பாமல், உள்ளே இருப்பதை நாமே எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஆனால் அவள் இதைக் கறிகாய்க் கடையிலும் சொல்வாள், பஸ்ஸில் சில்லறை வாங்கும்போதும் சொல்வாள். கேட்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது.

அவளை ஏதோ சாதுப்பெண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோபம் வந்தால் கீபோர்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். எழுத்தில் நான் ஒரு காற்புள்ளியைத் தப்பாகப் போட்டால் அன்றைக்கு முழுவதும் குத்திக்காட்டுவாள். மின்விசிறியை வேகமாக வைக்க விடமாட்டாள். பத்து வருஷம் நான் அந்த அறையில் வேர்த்து வழிந்தேன். இப்போது வேகமாக வைத்துக்கொள்கிறேன், காகிதமெல்லாம் பறக்கிறது.

சோதனைக்கு நாங்கள் படங்களை வேண்டுமென்றே உடைப்போம். அதற்கு ஒரு அசல் படம் வேண்டும். கீழே கடையில் ஆயிரக்கணக்கான முகங்கள் கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். “அடுத்தவங்க மூஞ்சிய நாம ஒடைக்கக் கூடாது,” என்றாள். அப்புறம், “என்னையவே ஒண்ணு எடு,” என்று மொட்டைமாடிக்குப் போனாள். படம் எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள். அங்கே அச்சடித்த பேனர்களை மை வாடை போக விரித்திருந்தார்கள். சிறுமலைப் பக்கத்திலிருந்து ஒரு காற்று வந்து ஒரு பேனரைத் தூக்கி அவள் மேல் போட்டது. ஒரு மூலையைக் காலால் மிதித்துக்கொண்டு, மறுமூலையைக் கையால் பிடித்துக்கொண்டு, நெற்றியில் முடி விழ வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நேரத்தில் எடுத்தேன். அவள் சரியாகச் சிரித்த ஒரே படம் அதுதான். அன்றைக்கே அவள் அம்மாவிடம் ஒருமுறை காட்டியிருந்தேன்.

அந்தப் படத்தைத்தான் உடைத்தாள். ஒவ்வொரு படத்திலும் கேமரா தன் குறிப்புகளை எழுதி வைக்க ஒரு சின்ன இடம் உண்டு. எந்தத் தேதி, எவ்வளவு வெளிச்சம் என்பது மாதிரி. அந்தக் குறிப்பு இவ்வளவு நீளம்தான் என்று முன்னால் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, அதைவிடப் பல மடங்கு எழுத்துகளை உள்ளே திணித்தாள். திணிப்பது எதுவாகவும் இருக்கலாம். நானாக இருந்தால் ஒரே எழுத்தை வரிசையாக அடித்துவிடுவேன். அவள் என்ன போட்டாள் என்று நான் கேட்கவில்லை. பழைய மாதிரிப் போன் ஒன்றுக்கு அனுப்பிப் பார் என்று என்னிடம் கொடுத்தாள்.

என் வாழ்க்கையின் மிகப் பெரிய முட்டாள்தனத்தை அப்போது செய்தேன். சோதனைப் போனுக்கு அனுப்ப வேண்டியதை, அன்று ஒரு காதுகுத்துப் படங்களால் மேலே வந்து நின்ற என் மாமனார் வீட்டுக் குடும்பக் குரூப்பில் அனுப்பிவிட்டேன். அமலி சிரித்துக்கொண்டே தொப்பம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள். பதினொரு போன்கள் விழுந்தன. அணைந்து எழும், எழுந்ததும் அந்தப் படத்தைச் சின்னதாக்கிக் காட்ட முயலும், மறுபடி அணையும். தேங்காய் வியாபாரிகள் கூப்பிடுகிற நாள் அது. மாமனாரின் போன் சட்டைப்பையில் கிடந்து துடித்துக்கொண்டிருந்ததாம்.

கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை எனக்கு. பேனர் கடையில் என்னவோ செய்கிறாள் என்று அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பு. வேலையை விடச் சொல்லிவிடுவார்கள் என்று நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அமலி லேப்டாப்பையும் கேபிள்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, “வா, போவோம்,” என்றாள். ஒட்டன்சத்திரம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறித் தொப்பம்பட்டிக்குப் போனோம். வீட்டு வாசலில் கால் வைத்ததும், நான் வாயைத் திறப்பதற்குள், அவள்தான் தப்பாக அனுப்பியது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். இல்லை, நான்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மாமனார் போனை நீட்டினார். “ஏனுங்க அம்மிணி, நான் தொடவே இல்லீங்க. பாக்கெட்டுலதான் கெடந்துச்சு.”

“தெரியும்ங்க மாமா. நீங்க ஒண்ணும் பண்ணல,” என்றாள் அமலி. அப்புறம் களத்தில் குவிந்திருந்த தேங்காயைக் காட்டினாள். மூட்டை மேல் நூறு காய் என்று எழுதியிருக்கிறது, நம்பி நூறு காய்க்கு இடம் ஒதுக்குகிறீர்கள், பிரித்துக் கொட்டினால் இருநூறு, மிச்சம் உருண்டு அடுத்தவர் குவியலில் கலந்துவிடும், எது யார் காய் என்று அப்புறம் தெரியாது, அதுதான் போனுக்குள் நடந்தது என்று விளக்கினாள்.

“எண்ணாம எவனுங்க மூட்டைய எறக்குவான்?”

“போன் எறக்குதுங்க மாமா. அதான் எங்களுக்கு வேலை.”

அவர் சிரித்துவிட்டார். ஒவ்வொரு போனாக லேப்டாப்பில் மாட்டி, அது எழுந்து விழுகிற இடைவெளிக்குள் அந்தப் படத்தைப் பிடித்து வெளியே எடுத்தாள். இரண்டு நாள் ஆனது. தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் நடந்தே போனோம். பிள்ளைகள் அவளைப் பார்த்தால் போனை ஒளித்து வைத்தார்கள், இந்தக்கா மூஞ்சியப் பாத்தா போன் செத்துப்போகும் என்று. அவளும் கண்ணை உருட்டிக் காட்டுவாள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலையை விடச் சொல்லவும் இல்லை.

ஊர் திரும்பியதும் அந்த ஓட்டையைப் பற்றிப் போன் கம்பெனிக்கு எழுதினாள். பாதிக்கப்பட்டவர் செய்தது என்ன என்று அதற்கான படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். பெரும்பாலும் படத்தைத் திறந்தார், இணைப்பைத் தொட்டார் என்று எழுதுவார்கள். அவள் எழுதினாள்: எதையும் தொடவில்லை, போன் சட்டைப்பையில் இருந்தது, அவர் தென்னந்தோப்பில் நின்றுகொண்டிருந்தார். தோப்பு எதற்கு என்று கேட்டேன். “ஒண்ணும் செய்யாத மனுசனுக்குத்தான்டி நாம வேலை பாக்குறோம். அவரு எங்க நின்னாருன்னாவது அவங்களுக்குத் தெரியட்டும்,” என்றாள்.

புதுப் போன்களில் அந்த ஓட்டையைச் சீக்கிரமே அடைத்தார்கள். பழைய மாதிரிகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், செய்யவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. சென்னையில் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிடலாம், பெயர் கிடைக்கும், வெட்கப்பட்டாவது சரிசெய்வார்கள் என்றேன். “பழைய போன் வச்சிருக்கவங்க எங்கடி போவாங்க? ஒங்க மாமனாரு போன் எந்த வருசத்துப் போனு, சொல்லு,” என்றாள். உன் பயத்தால் என் வளர்ச்சி கெடுகிறது என்று நான் சொன்னேன். அதைவிட மோசமாகவும் சொன்னேன். ஒன்பது நாள் பேச்சு நின்றது. ஒரே அறை, எதிரெதிர் மேசை. ஆனால் தினமும் ஒரு மணிக்கு என் போனில் ஒரே ஒரு வார்த்தை வரும். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்: சாப்டியா. அடித்துவிட்டு அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பதில் போடவே இல்லை. தூக்கை மட்டும் சத்தம் கேட்கத் திறப்பேன். பத்தாவது நாள் அதன் மூடியில் பாதி ஆம்லெட் இருந்தது. நானும் சண்டையை விட்டுவிட்டேன்.

சென்னையில் நான் அதைப் பேசவில்லை. பழைய போன்களுக்கும் அடைக்கிற வரை அவள் எழுதிக்கொண்டே இருந்தாள், கடைசியில் அடைத்தார்கள். அவள் சொன்னதுதான் சரி. ஆனாலும் அந்த மேடையை நினைத்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. அதை அவளிடமே சொல்லியிருக்கிறேன், அவளும் “இருக்கட்டும், வச்சுக்க,” என்றிருக்கிறாள்.

இத்தனையிலும் நாங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அந்தப் படத்தின் அசலை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. எடுத்த போனைச் சோதனைக்காகப் பலமுறை முழுக்க அழித்துத் துடைத்துவிட்டோம். எங்களிடம் இருந்தது உடைந்த படம் மட்டும்தான். ஓட்டையை அடைக்காத போனில் அதைப் போட்டால் போன் விழும். அடைத்த போனில் போட்டால், எண் பொருந்தவில்லை என்று கண்டுபிடித்து, இந்தப் படத்தைத் திறக்க முடியாது என்று மறுத்துவிடும். ஊரார் படங்களுக்கெல்லாம் காவல் இருந்தவர்கள், எங்களில் ஒருத்தியின் முகத்தை எந்தப் போனிலும் பார்க்க முடியாதபடி வைத்திருந்தோம். அவள் அதைப் பெரிய வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பாள். பிறகு வேறு ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று நானும் இருந்தேன். கழுத்தைப் பிடித்தாவது ஒரு படம் எடுத்திருக்கலாம். பத்து வருஷம் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தவளை யார் படம் எடுத்துவைப்பார்கள்?

அருள் கூப்பிட்ட அன்று எனக்கு இதெல்லாம்தான் மண்டைக்குள் ஓடியது. சீர் வீட்டிலிருந்து துக்க வீட்டுக்குப் போவதா என்று உள்ளே பெண்கள் முணுமுணுத்தார்கள். மாமனார் காருக்குச் சொல்லிவிட்டு வாசல்வரை வந்தார். “போனச் சாகடிச்ச அந்தப் புள்ளையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இனிமேலும் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று, அன்றைக்கு அனுப்பியது அவள் இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

“தெரியும் கண்ணு. உன்ற பேருலதானே வந்திருந்துச்சு,” என்றார். “அந்தப் புள்ள அப்படிச் சொல்லுச்சு. சரின்னு உட்டுட்டேன். நீ போயிட்டு வா.”

திண்டுக்கல் வந்து சேர மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. துக்க வீட்டுக்குப் போகாமல் நேராக மாடி அறைக்குப் போனேன். உடைந்த படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு, யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது என்று அதன் மேல் சிவப்பு நகப்பூச்சைப் பூசி வைத்திருந்தாள். கீழே ராஜாமணி அண்ணன் மற்ற வேலைகளையெல்லாம் நிறுத்தி, இயந்திரத்தில் வெள்ளைத் துணியை ஏற்றி வைத்துக் காத்திருந்தார். “வருமா தாயி?” என்று படிக்கட்டிலிருந்து கேட்டார். வரும் என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை.

படத்தை எண்களாகத் திறந்தேன். இடப்பக்கம் எண்களும், வலப்பக்கம் அந்த எண்களுக்கு உரிய எழுத்துகளும் வரும். பெரும்பாலும் அர்த்தமில்லாத குப்பையாக இருக்கும். அவள் திணித்து வைத்த பகுதியைத் தேடிக்கொண்டே இறங்கினேன். அங்கே வந்ததும் கை நின்றுவிட்டது.

சாப்டியாசாப்டியாசாப்டியா. ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், திரை முழுக்க. நான் ஒரே எழுத்தை அடித்து நிரப்புகிற இடத்தில் அவள் இதை நிரப்பியிருக்கிறாள். தொப்பம்பட்டியில் பதினொரு போன்களைச் சாய்த்தது இந்தக் கேள்விதான். அவள் என்னிடம் சொல்லவே இல்லை. நான் எண்ணினேன். எண்ணத்தானே சொல்லியிருக்கிறாள். நூற்றுப் பன்னிரண்டு முறை. நூற்றுப் பதின்மூன்றாவது பாதியிலேயே நிற்கிறது, அதற்கு மேல் இடமில்லை.

அப்போது அழுதேன். அதுவரை அழவில்லை. மணி ஒன்று தாண்டியிருந்தது, நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

படம் திறக்க வேண்டுமென்றால் அந்த எழுத்துகளை வெட்டி எடுக்க வேண்டும், முன்னால் இருக்கும் எண்ணைச் சரியாக்க வேண்டும். வேறு வழியில்லை. முதலில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். நகலில் நூற்றுப் பன்னிரண்டையும் அந்தப் பாதியையும் ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். எண்ணைத் திருத்திச் சேமித்தேன். திறந்தேன். மொட்டைமாடி, காற்று, நெற்றியில் முடி, பேனர் மூலையை மிதித்த வெறுங்கால். ஒரு புள்ளிகூடக் கெடவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ராஜாமணி அண்ணனே வடிவமைத்தார். பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டார், ஒன்றும் வேண்டாம் என்றேன். மூன்று மணிக்குத் தெருமுனையில் பேனர் ஏறியது. அமலியின் அம்மா வெளியே வந்து கீழே நின்று ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். “இதுதான். இந்தச் சிரிப்பத்தான் சொன்னேன்,” என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார்.

சரிசெய்த படம் இப்போது உங்கள் எல்லோரிடமும் இருக்கிறது. பூசைக்கு அச்சடித்த அட்டையிலும் அதுதான். எந்தப் போனிலும் திறக்கும். அவளுடைய முகம் அதில் முழுசாக இருக்கிறது, அந்தக் கேள்வி மட்டும் இல்லை. அது இருந்தால் படம் திறக்காது.

நான் வைத்துக்கொண்டது உடைந்த படத்தைத்தான். சிவப்பு நகப்பூச்சு பூசிய அந்தப் பென்டிரைவ் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எதிர் மேசை காலியாக இருக்கிறது. தினமும் ஒரு மணிக்கு மேல் அதை மாட்டி, எண்களாகத் திறந்து, அந்த இடம்வரை இறங்கிப் பார்க்கிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் திறப்பேன். அவளிடம் பொய் சொல்ல வேண்டாமே.